மெயின் ஜெட்டில் ஒரு இழை

தெள்ளாருக்குப் பக்கத்தில் ஒரு நெல் மில்லின் பின்கொட்டகையில் அந்தப் பழைய மோட்டார் சைக்கிள் கிடந்தது. என் மகள் போய்ப் பார்த்தபோது சீட் இருந்த இடத்தில் கோழி ஒன்று அடையில் உட்கார்ந்திருந்ததாம். "கோழிய எழுப்ப வேணாம், குஞ்சு பொரிக்கட்டும், அப்புறமா வந்து எடுத்துக்கறேன்னு சொல்லிட்டேம்மா" என்று சிரித்தாள். மூன்று வாரம் பொறுத்திருந்து, குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, ஆரணியில் எங்கள் வீட்டை ஒட்டிய சந்தில் இறக்கினாள். துருப்பிடித்த இரும்புக் குவியல்தான் எனக்குத் தெரிந்தது. அவளோ அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள்.

அவள் பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் முடித்தவள். சென்னைப் பக்கம் உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் ஒரு வருடம் வேலை பார்த்துவிட்டு, "அங்க நாள் பூரா ஒரே போல்ட்டு. என்ஜின கண்ணால கூட பாக்கலம்மா" என்று திரும்பி வந்துவிட்டாள். பழைய டூ-ஸ்ட்ரோக் வண்டிகளைப் பிரித்துப் புதுப்பித்து, ஆசைப்படுகிறவர்களுக்குக் கொடுப்பதுதான் இனி தன் தொழில் என்றாள். நான் அரசுப் பள்ளியில் அறிவியல் ஆசிரியை. பிஸ்டன் படத்தைக் கரும்பலகையில் அழகாக வரைவேன். ஆனால் என் மகள் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் என் காதுக்குள் ஆம்புலன்ஸ் ஓட ஆரம்பித்துவிடும். அப்படிப்பட்டவளிடம் போய் மோட்டார் சைக்கிள் என்றால்?

கடைசியில் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். ஆறு மாதம். அதற்குள் அந்த வண்டி வந்தவாசி வரை நிற்காமல் போய்த் திரும்ப வேண்டும். திரும்பினால் நான் அவள் வழிக்கு வரமாட்டேன். இல்லாவிட்டால் அவள் மறுபடி கம்பெனி வேலைக்குப் போக வேண்டும். என் கணவர் தறியில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முன்னறையில்தான் அவருடைய தறி. "இன்னா டீச்சர், பெத்த பொண்ணுக்கே பரீட்சை வெக்கிறியா?" என்றார். நான் சிரிக்கவில்லை. பரீட்சைதான். அதில் அவள் தோற்க வேண்டும் என்று எனக்குள் ஒரு மூலை விரும்பியது. இதை எழுதும்போது கை கூசுகிறது.

நாலரை மாதத்தில் வண்டி புகை கக்கிக்கொண்டு உயிர் பெற்றது. கரும்பச்சை டேங்க், வெள்ளி நிறத்தில் முலாம் பூசிய ஹேண்டில்பார். சிலிண்டருக்கு உள்பக்கம் போரிங் போட்டுத் தந்தவர் பஜார் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் பாய். மற்றபடி ஒவ்வொரு திருகும் அவள் கைப்பட்டது. பிடிவாதக்காரி, என்னையும் தொட விடமாட்டாள். "கை வெக்காதம்மா, நட்டு காணாம போயிடும்" என்பாள். எனக்கு அவள் விட்டுக்கொடுத்தது ஒரே ஒரு வேலை, பெட்ரோல்.

இந்த வகை என்ஜினுக்கு ஆயில் தனியாகக் கிடையாது. பெட்ரோலோடு அளந்து கலந்துதான் ஊற்ற வேண்டும். அந்தக் கலவை போதாமல் போனால் சக்தி மட்டுமா குறையும், உள்ளே வழுக்கலும் குறையும். பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். ஜாம் என்பார்கள். ஓடுகிற வேகத்தில் ஜாம் ஆனால் பின்சக்கரம் அப்படியே பூட்டிக்கொள்ளும். இதையெல்லாம் அவள் எனக்குச் சொல்லியிருந்தாள். சொல்லியதால்தான் பயந்தேன், பயந்ததால்தான் அதைச் செய்தேன்.

டேங்கின் உட்புறத்தில் இருந்த துருவை அவள் நட்டு போல்ட்டுகளைப் போட்டுக் குலுக்கி எடுத்திருந்தாள். ஆனாலும் பங்கிலிருந்து வரும் பெட்ரோலில் என்ன தூசி இருக்குமோ என்று என் மனம் அடித்துக்கொண்டது. புனலில் ஒரு பித்தளை வலை இருந்தது. அது போதாது என்று தோன்றியது. எங்கள் வீட்டில் மூக்குக்கண்ணாடி துடைப்பதும் பட்டுத் துண்டுதான், நெய் வடிகட்டுவதும் பட்டுத் துண்டுதான். சேலையை அறுத்தெடுத்த பிறகு தறியில் மிஞ்சுகிற சாண் நீளத் துண்டு. அவ்வளவு நெருக்கமான நெசவில் எந்தத் தூசி புகுந்துவிடும்? புனலின் மேல் அதை விரித்து, அதன் வழியாக ஊற்றினேன். ஒவ்வொரு முறையும். மகளிடம் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று நினைக்கவில்லை. சமையலறை வேலையைப் போல அது பாட்டுக்கு நடந்தது.

கோளாறு ஒரு புதன்கிழமை ஆரம்பித்தது. "ஊருக்குள்ள ஷோக்கா ஓடுதும்மா. ஊர் தாண்டி முறுக்கினா மட்டும் மூச்சு வாங்குது. ரெண்டு நிமிஷம் கம்முனு விட்டா தானா சரியாயிடுது" என்றாள். ப்ளக்கைக் கழற்றிக் காட்டினாள். முனை சாம்பல் வெளுப்பாக இருந்தது. வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் பத்தவில்லை என்று அர்த்தமாம்.

அடுத்த மூன்று வாரம் அவள் தேடியதைப் போல என் வகுப்பில் எந்தப் பிள்ளையும் எதையும் தேடியதில்லை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவாள், ஓட்டிப் பார்ப்பாள், நோட்டில் எழுதுவாள். நான் வகுப்பில் வாய் வலிக்கச் சொல்லும் பாடம் அது. ப்ளக்குக்குப் பொறி தருகிற பகுதியில் கண்டன்சரை மாற்றினாள். பாயின்ட் இடைவெளியைத் தகடு வைத்து அளந்தாள். டேங்க் மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறதோ என்று மூடியைத் திறந்துவிட்டுக்கொண்டு ஓட்டினாள். சைலன்சரைக் கழற்றிக் கரியைச் சுரண்டினாள். கார்பரேட்டரை நான்கு முறை பிரித்துக் காற்றடித்தாள். அப்படிச் செய்த மறுநாள் வண்டி நன்றாக ஓடும், அதற்கடுத்த நாள் மறுபடி மூச்சு வாங்கும்.

பாய் வந்து பார்த்தார். "வெள்ள ப்ளக்குன்னா காத்து எங்கியோ பூருது பாப்பா. சீல்லுல கசியுதான்னு பாரு" என்றார். என்ஜினுக்குள் சுழலும் தண்டின் இரு பக்கமும் காற்றுப் புகாமல் அடைக்கும் ரப்பர் வளையங்கள்தான் சீல். அவற்றையும் அவள்தான் பொருத்தியிருந்தாள். நான் வாசற்படியில் நின்றபடி, "நீயே போட்ட சீல்தானே? ஊர்ல இத்தினி மெக்கானிக் இருக்காங்க, கொடுத்திருக்கலாம்ல?" என்றேன். அவள் திரும்பிப் பார்த்தாள். அந்தச் சந்தேகத்தை அவள் மனதில் ஆழமாக அறைந்தவள் நான்தான், பாய் அல்ல.

மறுநாளோ அதற்கு மறுநாளோ, கை நிறையக் கிரீஸோடு என்னிடம் வந்து கேட்டாள். "அம்மா, பெட்ரோல்ல ஏதாவது இருக்குமா?"

"அத நான் பாத்துக்கறேன். உன் வேலைய நீ பாரு" என்றேன்.

"சரிம்மா" என்று போய்விட்டாள்.

ஆறு மாதம் முடிகிற ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலையில் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னும் ஒரு வாரம் குடும்மா. காரணம் கெடைக்கல இன்னும்" என்றாள்.

"காரணம் கெடைக்கிற வரைக்கும்னு நாம பேசல. ஆறு மாசம்னு பேசினோம்."

"பாதி வழில மூச்சு வாங்கினா?"

"அப்ப நிறுத்திடு. நிறுத்தினா கம்பெனி."

என் கணவர் தறிக்குழியிலிருந்து, "ஒரு வாரந்தான கேக்குது, பேஜார் பண்ணாத" என்றார். நான் கேட்கவில்லை. நீண்ட தூரம் போகிறாளே என்று அன்று பழைய துண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, அன்றுதான் அறுத்த புதுத் துண்டை எடுத்துப் புனலில் விரித்து டேங்க் நிறைய ஊற்றினேன். அதன் ஓரம் முழுக்கப் பிசிராக இருந்தது. அது என் கண்ணில் பட்டது. அது பட்டுதானே என்று விட்டுவிட்டேன்.

அவள் முன்னால், நான் என் ஸ்கூட்டரில் பின்னால். மார்கழி முடிந்த நேரம், வெயில் ஏறவில்லை. இரண்டு முறை வேகம் தளர்ந்தது, அவள் ஆக்சிலேட்டரை விட்டு விட்டுப் பிடித்தாள். வந்தவாசிக்குப் பாதி தூரத்தில் நேர்சாலை. எதிரே செங்கல் லாரி ஒன்று வந்துகொண்டிருந்தது. அவள் அதற்கு முன் ஒரு டிராக்டரைக் கடந்துவிட முறுக்கினாள். சத்தம் ஒரு கணம் மெலிந்தது. பிறகு சத்தமே இல்லை. பின்சக்கரம் சுழலாமல் தரையில் கோடு இழுத்துக்கொண்டு போனதை நான் பார்த்தேன். அவள் கிளட்சைப் பிடித்துச் சக்கரத்தை விடுவித்திருக்கிறாள், அதனால்தான் லாரியின் பக்கம் போகாமல் இடதுபக்க மண்ணில் சரிந்தாள். லாரி ஓட்டியவர் வயலோரம் இறக்கி நிறுத்தினார். அந்தப் பிரேக் சத்தம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. பள்ளி மணி அடித்தாலும் தோள் தூக்கிப்போடுகிறது.

ஓடிப்போய் அவளைத் தூக்கினேன். இடது மணிக்கட்டு கோணலாக இருந்தது. நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண் ஒருத்தி தண்ணீர்ச் செம்போடு வந்தாள். லாரிக்காரர், "இன்னாமா, பொம்பள புள்ளைக்கு இவ்ளோ பெரிய வண்டியா?" என்று என்னைத் திட்டினார். என் மகள் என் முகத்தையே பார்த்தாள். நான் சொன்ன முதல் வார்த்தை, "நான் அப்பவே சொல்லல?"

வலிக்கிறதா என்று கேட்டிருக்கலாம்.

நான்காம் நாள் நான் மட்டும் பாயின் பட்டறைக்குப் போனேன். வண்டியை அங்கேதான் இறக்கியிருந்தோம். அவர் கார்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். உள்ளிருந்த பெட்ரோல் ஆவியாகி, கிண்ணம் காய்ந்திருந்தது. மெயின் ஜெட் என்பது ஊசி முனை அளவுக்குத் துளை போட்ட ஒரு சின்னப் பித்தளைத் திருகு; துளையின் அளவு அதன் மேல் ஒரு நம்பராகப் பொறித்திருக்கும். வேகமாகப் போகும்போது என்ஜினுக்குப் போகிற பெட்ரோல் முழுக்க அந்தத் துளை வழியாகத்தான் போக வேண்டும். பாய் அதை வெயிலுக்கு நேரே பிடித்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

"வெளிச்சம் முழுசா வரல டீச்சரம்மா" என்றார். ஒரு குண்டூசியால் நெருடினார். ஏதோ சுருண்டு வந்தது. கிண்ணத்தின் அடியிலும் அதேபோல இருந்ததை விரலால் வழித்து ஒன்றாகத் திரித்தார். அது பளபளத்தது.

"இது பஞ்சு இல்ல" என்றார். அவர் தெருவுக்கு வந்து, தீக்குச்சியைக் கிழித்து அதன் நுனியில் வைத்தார். இந்த ஊரில் பட்டுதானா என்று சந்தேகம் வந்தால் எல்லாரும் செய்கிற சோதனை. தலைமுடி கருகுகிற வாசம் வந்தது.

"பட்டு! வண்டிக்குள்ள எப்பிடி பூந்துச்சி?" என்று அவர் சிரித்தார். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. நான் சொன்னேன். புனல், துண்டு, எல்லாம்.

அவர் கொஞ்ச நேரம் ஜெட்டைத் திருப்பிக்கொண்டிருந்தார். "நனைஞ்சிருந்தா கண்ணுக்கே தெரியாது. முறுக்கினா பெட்ரோலோட சேந்து வந்து ஓட்டைல குந்திக்கும். விட்டா கீழ எறங்கிடும். நிறுத்திப் பாத்தா எல்லாம் சரியாத்தான் இருக்கும். பாவம், எத்தினி தபா பிரிச்சாலும் பாப்பாவுக்கு எப்பிடி தெரியும்?" பிறகு, "சீலு பாத்துட்டேன். ஷோக்கா கீது. நானே போட்டாலும் இப்பிடி வராது. பாப்பாகிட்ட சொல்லிடுங்க, மனச ஒடச்சிகினு கெடக்கும்" என்றார்.

"நானே சொல்றேன் பாய். நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்றேன்.

சொல்லத்தான் வீட்டுக்குப் போனேன். அவள் கட்டுப் போட்ட கையைத் தலையணை மேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் செருப்பைக் கழற்றுவதற்குள், "அம்மா, அந்தக் கம்பெனிக்கு அப்ளிகேஷன் போட்டுடு. எனக்கு என்ஜின் கை வரல. சீல்கூட ஒழுங்கா போடத் தெரியல. அப்பாவ வுட்டு வண்டிய யாருக்காவது குடுத்துடச் சொல்லு" என்றாள்.

ஆறு மாதமாக நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. என் பயம் ஒரே மூச்சில் இறங்கியது. இனி அவள் சாலையில் இருக்கமாட்டாள். கம்பெனி பஸ்ஸில் போவாள், கம்பெனி பஸ்ஸில் வருவாள். இப்போது சொன்னால் எழுந்து மறுபடி சந்துக்குப் போய்விடுவாள். நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். சாப்பாடு போட்டேன், பிசைந்து ஊட்டினேன்.

அன்று மாலை அவள் நோட்டைத் திறந்து பார்த்தேன். கோளாறு தேடிய பக்கம். ஒவ்வொன்றுக்கும் எதிரே எத்தனை முறை பார்த்தாள், என்ன அளவு, எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று நுணுக்கி எழுதியிருந்தாள். பெட்ரோலுக்கு எதிரே மட்டும் அளவு எதுவும் இல்லை. "சரி. அம்மா ஊத்துறாங்க" என்று எழுதியிருந்தாள். அவள் சோதிக்காமலே டிக் போட்ட ஒரே வரி அது.

அப்போதும் நான் சொல்லவில்லை.

துணிக்காக நான் என்னை மன்னித்துவிட முடியும். தெரியாமல் செய்தது, அக்கறையில் செய்தது என்று எப்படியாவது சொல்லிக்கொள்வேன். தெரிந்த பிறகு பேசாமல் இருந்ததை எதில் சேர்ப்பது? கட்டுப் பிரித்தார்கள். அவள் வேலைக்குப் போய் விடுதியில் சேர்ந்தாள். பாய் தானே வண்டியை வாங்கிக்கொண்டார். பிஸ்டனையும் ரிங்கையும் மாற்றினார், டேங்கைக் கழுவினார், வேறெதையும் தொடவில்லை. வாரம் இரண்டு நாள் அந்த வண்டியில் வந்தவாசிக்குப் போய் வருகிறார். பஜாரில் என்னைப் பார்த்தால், "சொல்லிட்டீங்களா?" என்று கேட்பார். "சொல்லணும் பாய்" என்பேன். பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நானும் பஜாருக்கு வேறு தெரு வழியாகப் போக ஆரம்பித்தேன்.

ஆனி மாதத்தில் ஒரு நாள் மகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். என்ஜின் சோதிக்கிற பகுதியில் ஆள் எடுத்தார்களாம், அவளைக் கேட்டார்களாம். "வேணான்னுட்டேம்மா. நான் தொட்டா ஏதாவது ஆயிடும். பேக்கிங்ல இருக்கேன், நிம்மதியா இருக்கு" என்றாள். குரலில் வருத்தம்கூட இல்லை. ஒரு விஷயம் முடிந்துபோன மாதிரி சொன்னாள். கோழி குஞ்சு பொரிக்கட்டும் என்று மூன்று வாரம் காத்திருந்த பெண். மாதக்கணக்கில் நான் பத்திரமாக வைத்திருந்தது எதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பினேன். விடுதிக்கு எதிரே ஒரு டீக்கடை. அவள் சீருடையில் இருந்தாள், மதிய ஷிப்டுக்குப் போக வேண்டும். டீ வருவதற்குள் சொல்லிவிட்டேன். அழக் கூடாது என்று தீர்மானித்துக்கொண்டு போயிருந்தேன், அழவில்லை.

"எந்தத் துணி?" என்றாள்.

"அப்பா தறில அறுத்த துண்டு."

"எத்தினி நாளா?"

"மொத நாள்லேர்ந்து."

அவள் மேசையைப் பார்த்தபடி கணக்குப் போட்டாள். "அப்போ கண்டன்சர் மாத்தினப்பவும் அதான். சைலன்சர் கழட்டினப்பவும் அதான்." சற்று நிறுத்தினாள். "சீல்?"

"பாய் அத தொடவே இல்ல கண்ணு. நீ போட்டதுதான் இன்னும் ஓடுது. நானே போட்டாலும் இப்பிடி வராதுன்னு சொன்னார்."

அவள் முகத்தில் ஏதோ ஒன்று வந்து போனது. அது நிற்கும் என்று நம்பி நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். அப்போது அவள் கேட்டாள். "உனக்கு எப்போ தெரியும்?"

"கட்டுப் போட்ட நாலாம் நாள்."

டீ வந்தது. இருவரும் குடிக்கவில்லை. அவள் வலது கையால் இடது மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"துணி பரவால்லம்மா" என்றாள். அதற்கு மேல் இன்னொரு வாக்கியம் இருந்தது, அவள் அதைச் சொல்லவில்லை. கம்பெனி பஸ் ஹாரன் அடித்தது. எழுந்து போய் ஏறிக்கொண்டாள். ஜன்னல் பக்கம்தான் உட்கார்ந்தாள், ஆனால் திரும்பவில்லை.

அதன் பிறகு அவள் எனக்குப் போன் செய்யவில்லை. நான் செய்தால் எடுப்பாள், சாப்பிட்டேன் என்பாள், மழை என்பாள், வைத்துவிடுவாள். என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அன்று முழுவதும் தறியில் உட்காரவில்லை.

போன வாரம் காலை, நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். அவர் போன் அடித்தது. "சொல்லும்மா... இரு, எழுதிக்கறேன்" என்று பென்சிலைத் தேடினார். பேசி முடித்ததும் சட்டையை மாட்டினார்.

"யாரு, பாப்பாவா?" என்றேன்.

"ஆமா. பாய் வண்டில இப்போ மெயின் ஜெட் இன்னா நம்பர்னு கேட்டு வரச் சொல்லுது. அது போட்ட அதே நம்பர்லதான் ஓடுதா, இல்ல மாத்திட்டாரான்னு தெரியணுமாம்."

"நான் போய்க் கேக்கறேன். எனக்குத் தெரியும் அதெல்லாம்."

"உன்ன கேக்கலியே" என்றார். கோபமாகச் சொல்லவில்லை.

அரை மணி நேரத்தில் திரும்பி வந்தார். முதல் பாடவேளைக்கு நேரமாகிவிட்டது என்று தெரிந்தும் நான் அங்கேயே நின்றேன். அவர் உள்ளே வரவில்லை. சந்தில் நின்றபடியே போன் போட்டார். எண்ணை இரண்டு முறை நிறுத்தி நிறுத்திச் சொன்னார். அந்தப் பக்கம் அவள் என்ன கேட்டாள் என்பது எனக்குக் கேட்கவில்லை. இவர் பதில் மட்டும் கேட்டது.

"ஆமாம்மா, அதேதான். நீ போட்டதேதான்."